அம்மாவின் வகுப்புக்கு நான் போன ஞாயிறுகள்

ஜூலை 7, ஞாயிறு

இது அம்மா லேபின் பழைய பதிவேடு. தேதி, பெயர், என்ன வந்தது, குறிப்பு என்று நான்கு கட்டங்கள் போட்டது. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்ததால் எடுத்துக்கொண்டேன். கட்டங்களை மதிக்காமல் எழுதுகிறேன். குளியலறையில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, குளிக்கிற சத்தத்துக்காகக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு. வாளி எனக்கு நாற்காலி ஆகிவிட்டதால் தண்ணீர் சும்மா ஓடுகிறது. பயந்தவர்களால் சிக்கனமாக இருக்க முடியாது.

பதினைந்து வயதில் நான் இன்று டாக்டர் ஆனேன். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை.

அம்மா, டாக்டர் செண்பகவல்லி, நோயாளிகளைப் பார்க்காத டாக்டர். அவர்கள் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைப் பார்ப்பவள். பாளையங்கோட்டையின் நாலைந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து சின்னப் பாட்டில்களில் வரும். சுடலையாண்டி அண்ணாச்சி அதை மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றித் தருவார். அம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கீழே லேப், அங்கே ரத்தமும் பரிசோதிப்பார்கள்; மாடியில் நாங்கள். அப்பா கப்பலில்.

டாக்டர்கள் படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இத்தனை மணி நேரம் வகுப்பு கேட்டேன் என்று சான்று காட்டினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். அம்மாவுக்கு இன்னும் இருபத்து நான்கு மணி நேரம் பாக்கி. வகுப்பு ஆன்லைனில், ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறுதான் அம்மா வாரம் முழுக்கக் குவிந்த கண்ணாடிகளைப் பார்த்துத் தீர்க்கும் நாள்.

"ஏட்டி பூரணி, இங்கன வந்து உக்காரு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா 'இருக்கீங்களா'ன்னு ஒரு பெட்டி வரும். 'இருக்கேன்'னு தட்டணும். அம்புட்டுதான். கேமராவத் தொறந்துராத."

"பாடத்தக் கேக்கணுமாம்மா?"

"கேட்டு நீ என்ன செய்யப் போற?"

பதினேழு முறை தட்டினேன். ஒருமுறை முறுக்கு எடுக்கப் போனபோது பெட்டி வந்துவிட்டது. ஓடி வந்ததில் மேசைக்காலில் இடித்துக்கொண்டேன். டாக்டர் செண்பகவல்லிக்கு இடது முழங்காலில் வீக்கம்.

ஜூலை 14, ஞாயிறு

வகுப்புக்கு முன் பத்துக் கேள்வி, வகுப்புக்குப் பின் அதே பத்துக் கேள்வி. எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்று தெரிந்துகொள்ளவாம். முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்: எட்டு சரி. பிறகு மூன்று மணி நேரம் உண்மையாகவே உட்கார்ந்து கேட்டேன். பின்னால் யோசித்துத் தட்டினேன்: ஐந்து சரி. பாடம் கேட்டதில் அம்மாவின் அறிவு மூன்று மார்க் குறைந்துவிட்டது. "தொடர்ந்து கற்பதற்கு வாழ்த்துகள்" என்று திரையில் பூ விழுந்தது.

முடிவில் மவுஸால் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கீழே இருந்தாள். ஒரு தாளில் அவள் கையெழுத்தைப் பத்து முறை போட்டுப் பார்த்துவிட்டுத் திரையில் போட்டேன். ஒரு வளைவு, பிறகு ஒரு நீண்ட புழு, கடைசியில் புழுவுக்குக் கீழே ஒரு கோடு. கஷ்டமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று செத்துப் பிழைத்தேன். வகுப்பு எடுத்தவர் நடுவில் நிறுத்தி, "டாக்டர் செண்பகவல்லி, இந்தப் படத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார். திரையில் ஊதாவும் ரோஸுமாக ஏதோ சிந்திக் கிடந்தது. மைக் வேலை செய்யவில்லை என்று எழுதினேன். "எழுதியே சொல்லுங்கள்" என்றார். "சார் சொன்னதுதான் என் அபிப்பிராயமும்" என்று எழுதினேன். சார் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அவர் சிரித்து, "சீனியர்கள் எப்போதும் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்கள்" என்றார். அம்மாவின் பெயரை நான் காப்பாற்றிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

கணக்குத் தேர்வுத்தாள் கொடுத்தார்கள். நூற்றுக்கு இருபத்து மூன்று. திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு வர வேண்டும்.

கணக்கு மிஸ் பெயர் எமரன்சியா. அவர்களுக்குப் பிரம்பு தேவையில்லை, நாக்கு இருக்கிறது. என் தாளை உயர்த்திப் பிடித்து, "பூரணி, ஒங்கிட்ட ஒரு நேர்ம இருக்குட்டி. தெரியாததத் தெரியாதுன்னு விடாம, தெரியாமலே நாலு பக்கம் எழுதியிருக்க" என்றார்கள். நாற்பத்தோரு பேர் சிரித்தார்கள். வகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

ஜூலை 29, திங்கள்

வளைவு, புழு, கோடு. தாளைக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மிஸ் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் தாளை மேசைமேல் வைத்து, பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். போன வருஷம் அவர்கள் ரத்தம் பரிசோதித்த ரிப்போர்ட். அடியில் அம்மாவின் கையெழுத்து. உலகத்தில் எத்தனையோ லேப் இருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணாட்டி?"

நான் ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு இல்ல. ஒங்க அம்மா அவசரத்துல போட்டிருக்காவ. நீ நிறுத்தி நிதானமா, அழகாப் போட்டிருக்க. திங்கக்கிழம அம்மாவக் கூட்டிட்டு வா. ஒரு விஷயம் பேசணும்."

ஆகஸ்ட் 5, திங்கள்

அம்மா மதுரைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அம்மா அப்போது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். "அப்ப அடுத்த திங்க" என்றார்கள் மிஸ். பேசும்போது வாயில் எதையோ ஒதுக்கி வைத்திருப்பதுபோல் பேசினார்கள். என் பொய்யைக் கேட்ட வெறுப்பில்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். என் பொய்க்கு அவ்வளவு சக்தி உண்டா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ரிப்போர்ட் அடிக்கும் அக்கா கல்யாணமாகிப் போய்விட்டதால் சாயங்காலத்தில் அந்த வேலையும் எனக்குத்தான். இன்று வந்த பாட்டில்களின் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மூன்றாவது சீட்டு: எமரன்சியா, பெண், வயது 46. நாக்கின் மேற்புறம், நடுவில், கெட்டியான சின்னக் கட்டி, இரண்டு வருஷமாக. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இல்லை.

பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே அரிசிக் குருணை மாதிரி ஒன்று மிதந்தது. அவ்வளவு சின்னது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாக்கில் புற்றுநோய். அந்த வார்த்தையை நான் பல தடவை அடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது தெரிந்தவர்கள் பெயருக்குக் கீழே வந்ததில்லை.

"அம்மா, இது எங்க மிஸ்."

"தெரியும். வெளிய ஒரு வார்த்த வரப்பிடாது." அம்மா கண்ணாடியை மறுபடி வைத்துப் பார்த்தாள். "சர்ஜன் துண்டு ரொம்ப மேலாப்புல எடுத்திருக்கான்" என்று முணுமுணுத்தாள். பக்கத்துத் தட்டில் இன்னும் நாற்பத்தெட்டுக் கண்ணாடிகள் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மிஸ் நேற்றிலிருந்து லீவு. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிப்போக வேண்டியதில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருப்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றைய வகுப்பின் தலைப்பு, நாம் ஏமாறும் இடங்கள். எடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை. நரைத்த தலை, பின்னால் துணி காயும் கொடி. எனக்கு முறுக்கு, தட்டுவதற்கு மவுஸ். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

பாதியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தார். பிறகு அதுவரை இங்கிலீஷில் பேசியவர் தமிழுக்கு வந்தார். "இது நான் செய்த தப்பு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி. ஒரு பொம்பள, நாப்பது வயசு. பொயல, வெத்தல எதுவும் கிடையாது. நாக்குமேல நடுவுல சின்னக் கட்டி. எனக்கு வந்தது மேலாக்கக் கிள்ளின துண்டு. நான் கேன்சர்னு எழுதிட்டேன். பாதி நாக்க எடுத்துட்டாங்க. எடுத்த நாக்க எங்கிட்டதான் அனுப்பினாங்க. அதுல கேன்சர் இல்ல. அடியில இருந்தது சாதுக் கட்டி, யாரையும் ஒண்ணும் செய்யாது. அதுக்கு மேல இருக்கற தோல் மட்டும் எரிச்சல்ல தடிச்சு, வேர்விட்ட மாதிரி கீழ எறங்கும். மேலாக்கப் பாத்தா அசல் கேன்சர்தான். ஆழமா இன்னொரு துண்டு கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்கல. அன்னைக்கு எனக்கு நெறைய வேல இருந்துது."

பெட்டி வந்தது. இருக்கீங்களா? நான் தட்டவில்லை. நேரம் முடிந்து, டாக்டர் செண்பகவல்லிக்கு அந்தப் பத்து நிமிஷம் கணக்கில் சேராது என்று திரையில் வந்தது. மத்தியானம் சாம்பாரை ஊற்றிக்கொண்டே அம்மா, "எல்லாத்தையும் தட்டினியா?" என்றாள். தட்டினேன் என்றேன்.

பேராசிரியை சொன்னதை என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நாக்குப் படமும் போட்டிருக்கிறேன். அது செருப்பு மாதிரி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

அம்மாவுக்குத் தலைவலி. தலைவலியாக இருப்பவர்களிடம் போய் நீ எழுதியது தப்பு என்று சொல்வது பண்பாடு இல்லை.

வகுப்பில் விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, நான் இல்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம். ஷைனி அழுதாள். பின்பெஞ்சு முத்துலெச்சுமி, "இனிம நம்மள யாரும் கிழிக்க மாட்டாவ" என்று மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்கள் சிரித்ததால்.

கணக்குப் பாடவேளையில் நூலகத்தில் உட்காரச் சொன்னார்கள். குளிர்ச்சியாக இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நான் நூற்றுக்கு இருபத்து மூன்று வாங்கியவள். முன்னால் எட்டு, பின்னால் ஐந்து. அம்மா இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள். நான் சரியாகக் கேட்டேனா என்பதே சந்தேகம். கேட்டிருந்தாலும் அந்தப் பொம்பளையின் நாக்கு வேறு, மிஸ்ஸின் நாக்கு வேறு. அம்மாவுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சர்ஜனுக்குத் தெரிந்திருக்கும். சர்ஜனுக்கும் தெரியாவிட்டால் கடவுளுக்குத் தெரியும். இத்தனை பேர் இருக்கும்போது பத்தாம் வகுப்பு பி பிரிவு எதற்கு?

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மிஸ் சொன்னது சரிதான். தெரியாமலே நாலு பக்கம் எழுதுவேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று மிஸ் பள்ளிக்கூடம் வந்தார்கள். மதிப்பெண் பதிவேட்டைப் புது மிஸ்ஸிடம் ஒப்படைக்க வந்தவர்கள், கடைசிப் பாடவேளையில் எங்கள் வகுப்புக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் எழுந்தோம். யாரும் உட்காரவில்லை.

"உக்காருங்கட்டி. நான் ஒண்ணும் சாமி இல்ல."

பாடம் நடத்தவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்தார்கள். "வெள்ளிக்கிழமைக்குப் பொறவு எப்படிப் பேச்சு வரும்னு டாக்டருக்கே தெரியல. அதனால எல்லார் பேரையும் ஒருக்காச் சொல்லிக்கிடுதேன். எனக்குத்தான். நீங்க எவளும் அழப்பிடாது."

அபிநயாவிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் முழுசாக, இனிஷியலோடு, மெதுவாக. ழகரம் வந்த இடங்களில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்கள். முத்துலெச்சுமி 'உள்ளேன் மிஸ்' சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் பெயர் இருபத்தாறாவது.

"பூரணி."

"உள்ளேன் மிஸ்."

அடுத்த பெயருக்குப் போகாமல் என்னைப் பார்த்தார்கள். "அம்மாவக் கூட்டிட்டு வர வேண்டாம்ட்டி. அத விட்டுட்டேன்."

நான் ஒரு வாரமாக இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. லேபுக்குள் செருப்போடு போனேன்.

"அம்மா, எங்க மிஸ்ஸுக்கு கேன்சர் இல்லாம இருக்கலாம்."

அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு சொன்னா?"

"நீ கேக்க வேண்டிய கிளாஸ்ல சொன்னாவ."

இப்போது தூக்கினாள். "பத்தாங்கிளாஸு படிக்கிறவ எனக்கு ரிப்போர்ட்டு சொல்லுதியா? செருப்பக் கழத்திட்டு மேல போ."

போகவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அப்படியே வாசித்தேன். நாற்பது வயது. புகையிலை இல்லை. நாக்கின் நடு. மேலாகக் கிள்ளின துண்டு. அடியில் சாதுக் கட்டி. மேலே தோல் தடித்து வேர் மாதிரி. அன்றைக்கு நிறைய வேலை. என் குரல் ஆடு கத்துவதுபோல் இருந்தது.

கடைசி வரி வந்தபோது அம்மா கையை நீட்டினாள். நோட்டை வாங்கித் தானே படித்தாள். செருப்பு மாதிரி இருந்த நாக்கைப் பார்த்தாள், அது என்ன என்று கேட்கவில்லை. பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, அந்த எமரன்சியா மெழுகுக் கட்டிய எடுங்க. இன்னும் கீழ வெட்டணும். தீருற வரைக்கும் வெட்டுங்க."

"அதுல என்னம்மா இருக்கு வெட்ட? ஈயோட தல மாதிரி இருக்கு" என்றார் சுடலையாண்டி அண்ணாச்சி.

"இருக்கிறத வெட்டுங்க."

அண்ணாச்சி சீவிச் சாயம் ஏற்றும் வரை அம்மா என்னை விடவில்லை. "வேற என்ன சொன்னாவ? எந்தச் சாயம் போடணும்னு சொன்னாவளா? படத்துல கீழ இருந்த செல்லு எப்படி இருந்துது?" ரோஸ் நிறம், உள்ளே மணல் தூவினமாதிரி இருந்தது என்றேன். எழுதிக்கொண்டாள். என் நோட்டைப் பார்த்து எழுதிய முதல் ஆள் அம்மாதான். எங்கள் வகுப்பில் யாருக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை.

கடைசியாக வந்த கண்ணாடியை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அதன் ஒரு ஓரத்துக்கு வந்ததும் நகர்த்துவதை நிறுத்தினாள்.

"அடியில நாலஞ்சு செல்லு இருக்கு" என்றாள். "மணல் மாதிரி."

போனை எடுத்தாள். சர்ஜன் டாக்டர் ஜோதிராஜின் குரல் வெளியே கேட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லியாகிவிட்டது, மயக்க டாக்டர் வருகிறார், இப்போது போய் என்ன இது என்று அவர் கேட்டார்.

"நான் குடுத்த ரிப்போர்ட்ட நான் திருப்பி எடுத்துக்கிடுதேன் டாக்டர்" என்றாள் அம்மா. "ஆமா, தப்புதான். எந் தப்புதான். கட்டிய மட்டும் அடியோட எடுத்து அனுப்புங்க. நாக்குல கை வைக்காதீங்க. இல்ல, எனக்கு இன்னும் உறுதியாத் தெரியாது. தெரியாதுங்கிறதத்தான் சொல்லுதேன்."

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். ஆரஞ்சு மிட்டாய். அம்மா வீட்டில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கட்டியை மட்டும் எடுத்தார்கள். பாட்டில் வந்தது. இந்தத் தடவை உள்ளே இருந்தது ஒரு நிலக்கடலை அளவு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பத்து மணிக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அம்மா வந்து எழுப்பினாள். தானே உட்கார்ந்தாள். கேமராவைத் திறந்தாள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உலகத்துக்குத் தெரிய.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கு நேற்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள். போன வகுப்புகளை நான் கேட்கவில்லை, வேறொருவர் கேட்டார், அந்த மணி நேரங்களைக் கழித்துவிடுங்கள் என்று. பதிவு புதுப்பிப்பது தள்ளிப் போகலாம். "அந்த வேறொருவர் யாருன்னு கேட்டா?" என்றேன். "கேட்டாச் சொல்லுவேன்" என்றாள்.

முன் கேள்விகளில் அம்மாவுக்கு ஆறு. நான் எட்டு வாங்கியவள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரையிலிருந்து விசேஷச் சாயம் போட்ட கண்ணாடி வந்தது. சாதுக் கட்டி. முழுசாக வந்துவிட்டது. நாக்கு இருக்கிறது.

அம்மா திருத்திய ரிப்போர்ட்டைச் சொல்ல நான் அடித்தேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் என்ன சொன்னேன், இப்போது என்ன சொல்கிறேன், ஏன் மாறியது என்று மூன்றையும் எழுத வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது. அடித்து முடித்ததும் அம்மா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. இந்த வீட்டில் தண்ணீர் வீணாக்குவது நான் மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, "வா, மிஸ் வீட்டுக்குப் போவோம்" என்றாள். வயிறு வலி என்றேன். "அங்க போயி வலிக்கட்டும்" என்றாள்.

மிஸ்ஸின் தங்கச்சி கதவைத் திறந்தார்கள். மிஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தையல் பிரிக்கும்வரை பேசக் கூடாது. மடியில் நீள நோட்டு, நீலப் பேனா. என்னைப் பார்த்ததும் ஒரு பார்வை பார்த்தார்கள். நாக்கை அசைக்காமலும் அவர்களால் கிழிக்க முடியும்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "மிஸ், மொதல் ரிப்போர்ட்டு எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். துண்டு பத்தலன்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. திருப்பிக் கேக்காம விட்டுட்டேன். ஒங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

மிஸ் எழுதிக் காட்டினார்கள்: *கையெழுத்தைப் பார்த்தேன். இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறேன்.*

அம்மா தலையை ஆட்டினாள். "பதினோரு நாள் நீங்க பட்டத நான் திருப்பி எடுக்க முடியாது."

மிஸ்ஸின் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனார்கள். மிஸ் எழுதினார்கள்: *பிறகு எப்படித் தெரிந்தது?*

"டாக்டருங்களுக்கு ஒரு கிளாஸு நடக்கும். நான் கேக்க வேண்டியது. எனக்குப் பதிலா இவள உக்கார வச்சிருந்தேன். அதுல சொன்னத இவ கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொன்னா." அம்மா என் முதுகில் கை வைத்தாள். "இவ சொல்லாட்டா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

மிஸ்ஸின் முகம் மாறியது. என்னை அவர்கள் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் குனிந்து தரையின் பூவேலையைப் பார்த்தேன். இந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில்தான் எனக்கு நல்ல பயிற்சி.

ஆனால் மிஸ் கணக்கு மிஸ். மறுபடி எழுதினார்கள்: *வகுப்பு என்றைக்கு?*

"ஞாயித்துக்கிழம" என்றாள் அம்மா.

*டாக்டர் ஜோதிராஜ் எனக்குப் போன் செய்தது புதன் ராத்திரி.*

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்துவிட்டாள். யாரிடமும் கேட்காமல், என்னிடமும் கேட்காமல், மூடி வைத்திருந்தாள்.

மிஸ் பக்கத்தைத் திருப்பினார்கள். பெரிய எழுத்தில் எழுதி, நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்கள்.

*புதன் − ஞாயிறு = ?*

மூன்று என்று எழுதினேன். எண்ணாகத்தான், வார்த்தையாக எழுதத் தைரியம் இல்லை.

மிஸ் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் நிதானமாக ஒரு சரி போட்டார்கள். இந்த வருஷம் அவர்கள் கையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் முழுச் சரி அது. பிறகு அதற்குக் கீழே எழுதி என் பக்கம் திருப்பினார்கள்.

*விடைக்கு ஒரு மார்க். வழிமுறைக்கு நான்கு. வழிமுறை எங்கே?*

காப்பி வந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த அறையில் பேசக்கூடிய நாக்கு மூன்று பேரிடம் இருந்தது. மிஸ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழம மத்தியானமே எனக்குத் தெரியும் மிஸ்" என்று ஆரம்பித்தேன். "திங்கக்கிழம சொல்லல, ஏன்னா ஒங்களுக்கு லீவு. நீங்க வந்தா அம்மாவக் கூப்பிடுவீங்க. தேர்வுத்தாள்ல இருக்கிற கையெழுத்து எங்க அம்மா போட்டது இல்ல."

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். நான் வழிமுறையின் அடுத்த வரியாக, செவ்வாய்க்கிழமைக்குப் போனேன்.